வெங்காயத்துக்கு வந்த வியாதியும் கடையில் கொடுக்கும் மருந்தும்

பெரம்பலூர்ப் பக்கத்தில் சின்ன வெங்காயத்துக்கு வரும் ஒரு நோயைக் 'கோழிக்கால்' என்று சொல்லுகிறார்கள். நிமிர்ந்து நிற்க வேண்டிய தாள் சுருண்டு முறுக்கிக்கொண்டு, கோழியின் கால்விரல் போல வளைந்து கிடக்கும். கழுத்து நீண்டுபோகும். பிடுங்கிப் பார்த்தால் காய் திரளாமல் ஒல்லியாக இருக்கும். விவசாய இலாகாவினர் இதற்குத் திருகல் நோய் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் வைத்த பெயர்தான் பொருத்தமாக இருக்கிறது. ஒரு முறை கேட்டால் போதும், வயலில் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் அதிகமாக விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் இருக்கிறது. கையில் கரும்பு ஏந்தி நிற்கும் முருகன் கோயிலுக்குப் பேர்போன செட்டிகுளம், வெங்காயத்துக்கும் பேர்போன ஊர். சாம்பார் வைக்கும் எந்த வீட்டிலும் இந்த வட்டாரத்துக் காய் ஒரு நாளாவது உரிபட்டிருக்கும். இரண்டு மாதத்துக்குச் சற்று மேற்பட்ட பயிர்தான். ஆனால் விதைக் காய்க்கே பெரும் பணம் வேண்டும். நகையை அடகு வைத்து விதை வாங்குகிற குடும்பங்கள் உண்டு. நோய் வந்தால் காயும் போகும், நகையும் போகும்.

நோயைக் கண்டதும் குடியானவர் என்ன செய்கிறார்? இரண்டு தாளைக் கிள்ளிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடுகிறார். அல்லது செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறார். கடைக்காரர் ஒரு நொடி பார்க்கிறார். பூஞ்சைக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று, பயிர் தேறுவதற்கு ஒரு டானிக் என்று மூன்று பொட்டலங்களை எடுத்து வைக்கிறார். மூன்றையும் ஒரே டப்பாவில் கலக்கி அடிக்கச் சொல்லுகிறார். பல இடங்களில் இன்று நடக்கும் வைத்தியம் இதுதான். இது வைத்தியமே அல்ல. இருட்டில் கல் எறிவது.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் வியாபாரி. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த முறை அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். நோயைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை அவர் தலையில் கட்டியதுதான் தவறு.

வெங்காயத்தில் நோய் ஒன்றா, இரண்டா? கோழிக்கால் ஒரு வகைப் பூஞ்சையால் வருகிறது. மழைத் துளி தெறித்துத் தெறித்து அதன் வித்துகள் செடிக்குச் செடி பரவும். தாளில் முதலில் வெள்ளையாகச் சிறு புள்ளி தோன்றி, பிறகு அதன் நடுப்பகுதி கத்தரிப்பூ நிறமாக மாறினால், அது வேறொரு பூஞ்சையின் வேலை. அதை ஊதாக் கொப்புள நோய் என்பார்கள். அந்த இடத்தில் தாள் மடிந்து ஒடிந்துவிடும். தாள் நுனியிலிருந்து மஞ்சளித்துக் கீழே வர, காயின் அடித்தட்டு அழுகினால் அது அடியழுகல். அந்தப் பூஞ்சை இருப்பது மண்ணில். அதற்குத் தாளின்மேல் மருந்து அடித்தால் என்ன பயன்? கால்வலிக்குத் தலையில் தைலம் தேய்த்த கதைதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. தாளில் வெள்ளி பூசினாற்போல் கோடுகள் தெரிந்தால் அது நோயே அல்ல. இலைப்பேன் என்னும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சி சுரண்டிச் சாறு உறிஞ்சிய தடம். அதற்குப் பூஞ்சை மருந்து வேலை செய்யாது. ஆனால் அது சுரண்டிய புண் வழியாக ஊதாக் கொப்புளப் பூஞ்சை எளிதாக உள்ளே நுழைந்துவிடும். ஆகவே பேனைக் கவனிக்காமல் பூஞ்சையை மட்டும் விரட்டுகிறவருக்குச் செலவு ஓயாது.

பூஞ்சை மருந்தைப் பற்றி முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. அது பெரும்பாலும் வேலி. வெள்ளாடு மேய்ந்து முடித்த பிறகு வேலி கட்டினால் தின்ற செடி திரும்பி வராது. காய்ந்த தாளை எந்த மருந்தும் பச்சையாக்காது. மாங்கோசெப் போன்ற மருந்துகள் தாளின் மேற்புறத்தில் படிந்து நின்று, புதிதாக வந்து விழும் வித்துகள் முளைக்காமல் தடுக்கும். அவ்வளவுதான் அவற்றால் முடியும். டெபுகோனசோல் போன்றவை திசுவுக்குள் ஊடுருவிச் செல்லும். ஆரம்பத்தில் அடித்தால் உள்ளே நுழைந்த பூஞ்சையையும் ஓரளவு மடக்கும். ஆனால் ஒரே ஊடுருவும் மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை அதற்குப் பழகிவிடும். பிறகு அது மருந்துக்குக் கட்டுப்படாது.

அடிக்கும் முறையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெங்காயத் தாள் உருண்டையானது, மெழுகு பூசியது. வெறும் தண்ணீரில் கலந்த மருந்து அதன்மேல் முத்து முத்தாக உருண்டு கீழே ஓடிவிடும். மண்ணுக்குத்தான் மருந்து அடித்ததாகும். அதனால் ஒட்டும் திரவத்தைச் சிறிதளவு சேர்க்க வேண்டும். மாங்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் என்றால் 10 லிட்டர் டப்பாவுக்கு 20 கிராம். மூடியால் அளப்பதும், 'கூட ஒரு கை போட்டால் சீக்கிரம் கேட்கும்' என்று போடுவதும் கூடாது. இரட்டிப்பு மருந்து இரட்டிப்பு குணம் தராது. தாள் கருகும், காசு கரையும்.

பூஞ்சைக்கு மருந்து அடிக்கும் வழக்கம் பிரபலமான கதை வேடிக்கையானது. பிரான்சு நாட்டில் போர்டோ என்ற ஊர்ப் பக்கம் திராட்சைத் தோட்டங்கள் அதிகம். பாதையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, தோட்டக்காரர்கள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து இலைகளில் தெளித்து வைத்தார்கள். நீலம் படிந்த பழத்தை யார் தின்பார்? 1882இல் மில்லார்டே என்ற தாவர சாஸ்திரப் பேராசிரியர் அந்தப் பக்கம் போனார். உள்ளே இருந்த கொடிகளெல்லாம் நோயில் இலை உதிர்ந்து நிற்க, பாதையோரக் கொடிகள் மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தன. ஆராய்ந்து பார்த்து 1885இல் உலகுக்கு அறிவித்தார். அதுதான் போர்டோ கலவை. திருடனுக்கு வைத்த மருந்து நோய்க்குப் பலித்தது!

அந்தப் பழைய மருந்துக்குப் பக்கத்து அரியலூரில் இன்னும் வேலை இருக்கிறது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கங்களில் முந்திரி மரங்கள் அதிகம். முந்திரியில் நுனிக்கிளை காய்ந்துகொண்டே கீழே வரும் நோய் ஒன்று உண்டு. அதற்கு முதல் மருந்து அரிவாள். காய்ந்த கிளையை, பச்சை தெரியும் இடத்துக்குக் கீழே வரை வெட்டி எடுத்து எரித்துவிட்டு, வெட்டுவாயில் போர்டோ பசையைப் பூச வேண்டும். பசைக்குத் துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். தெளிப்பதற்கானால் அதே அளவுக்கு 100 லிட்டர் தண்ணீர். துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து, சுண்ணாம்பு நீரில் துத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. துலக்கிய கத்தியை உள்ளே விட்டு எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அன்று கலக்கியதை அன்றே தீர்த்துவிட வேண்டும். வெட்டாமல் அடித்தால் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள்தான் மரத்தை இழக்கிறார்கள்.

வெங்காயத்திலும் கத்தி வைக்கிற மாதிரி ஒரு வேலை இருக்கிறது. கோழிக்கால் கண்ட செடியை முதலிலேயே பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழிப்பதுதான் அது. நோய் வந்த வயலின் காயைப் பட்டறையில் போட்டு வைத்து அடுத்த பட்டத்துக்கு விதையாக்குவது, நோயைத் தாம்பூலம் வைத்து அழைப்பதற்குச் சமம். விதைக் காயை டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களோடு, கிலோவுக்குத் தலா 5 கிராம் கலந்து நடலாம். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான்! முள்ளை முள்ளால் எடுப்பது என்பார்களே, அது இதுதான். ஆனால் இதனோடு பூஞ்சை மருந்தைக் கலந்துவிட்டால் நல்ல பூஞ்சையும் சேர்ந்து செத்துவிடும். சாயங்காலம் தெளிப்பு நீர் விட்டு, இரவெல்லாம் தாள் ஈரமாக நிற்கவிடுவதும் வேண்டாத காரியம். காலையில் விட்டால் வெயிலில் உலர்ந்துவிடும்.

இவ்வளவும் பயிருக்கு. அடிக்கிறவருக்கு? 2017ஆம் ஆண்டு இதே பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்தவர்கள் சிலர் விஷம் ஏறி இறந்துபோனார்கள். பூஞ்சை மருந்துகள் பொதுவாக அவ்வளவு கொடியவை அல்ல என்பது உண்மை. ஆனால் மூன்றையும் ஒன்றாகக் கலக்கும் வீட்டில் டப்பாவுக்குள் எது இருக்கிறது என்று யார் கண்டார்கள்? மருந்துப் புட்டியில் ஒரு வண்ணக் கட்டம் அச்சிட்டிருக்கும். சிவப்பு மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம், கடைசி பச்சை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் சீட்டு முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். அடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்பதும் அதில் இருக்கும். பிள்ளை படிக்கட்டும், புட்டியைத் தொடக் கூடாது. கையால் கலக்குவது, காற்றுக்கு எதிரே நின்று அடிப்பது, டப்பாவைக் கிணற்றடியில் கழுவுவது எல்லாம் இன்றும் நடக்கின்றன. வெறுங்கையால் கலக்கிக் கொடுப்பவர்கள் அநேகமாக வீட்டுப் பெண்கள்.

வாலிகண்டபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அரியலூர் மாவட்டத்துக்குச் சோழமாதேவியில் ஒன்று இருக்கிறது. செடியை வேரோடு பிடுங்கி எடுத்துப்போனால் நோயின் பெயரைச் சொல்லுவார்கள். ஆனால் வயலில் வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போக எத்தனை பேரால் முடியும்? மருந்துக்கடை பக்கத்துத் தெருவில் இருக்கிறது, நிபுணர் பல மைல் தள்ளி இருக்கிறார். செட்டிகுளத்தில் வெங்காயத்துக்கென்றே அரசாங்கம் கட்டிய வணிக வளாகம் உண்டு. மழையும் பனியும் சேர்ந்து நோய் கிளம்பும் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமாவது அங்கே ஒரு மேஜையைப் போட்டு, பூதக்கண்ணாடியோடு ஒரு பயிர் நோய் நிபுணரை அரசாங்கம் உட்கார வைக்க வேண்டும். அவர் நோயின் பெயரை எழுதிக் கொடுக்கட்டும். அந்தச் சீட்டைப் பார்த்துக் கடைக்காரர் மருந்து கொடுக்கட்டும். பில்லில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் நோயின் பெயரும் இருக்கட்டும். இதற்குப் பெரிய கட்டிடம் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம்.