வீட்டுக்கு வீடு மட்டும் ஈடாகுமா?

தொழிலுக்காகவும் வியாபாரத்துக்காகவும் மாத்தளையிலிருந்து கொழும்பு சென்று குடியேறிய தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பலவாகும். எனவே தலைநகரின் பழைய குடியிருப்புகளுக்கு நேர்ந்துள்ள கதியை அயலார் விவகாரமாக நாம் கருதிவிட முடியாது.

2009இல் யுத்தம் முடிவுற்றதும் கொழும்புக் காணிகள் மீது முதலீட்டாளரின் பார்வை திரும்பியது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. வசதி குறைந்த குடியிருப்புகளில் வாழும் 68,000இற்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றி, சுமார் 900 ஏக்கர் காணியை விடுவிப்பதே அதன் திட்டமாக இருந்தது. தனியார் நிறுவனம் குடியிருப்பாளருக்கு வீடு கட்டிக் கொடுக்கும். எஞ்சிய காணியில் ஆடம்பர மாடிகளை எழுப்பி இலாபம் பெறும். சில திட்டங்களில் ஏற்பாடு இதுவேயாகும்.

முஸ்லிம்களும் மலாயரும் தமிழரும் சிங்களவரும் கலந்து வாழ்ந்த கொம்பனித்தெரு இதற்குத் தக்க உதாரணமாகும். அங்கு பலரிடம் முறையான காணி உறுதி இருந்தும், அவர்களது பகுதிகளும் 'வசதி குறைந்தவை' என்ற பட்டியலிலேயே சேர்க்கப்பட்டன. ஜாவா லேனில் வாடகைப் பணம் பெற்று வெளியேறியவர்கள், வாக்களிக்கப்பட்ட காலம் கடந்தும் புதிய வீட்டுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. அவசரத் தேவை எனக் கூறிக் காணியை உடனடியாகக் கையேற்க 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டமும் இடமளிக்கிறது.

தொடர்மாடியில் நீர், மின்சாரம், கழிவறை வசதிகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வீட்டு வாசலில் உணவுப் பண்டம் விற்றவருக்கும் தையற்கடை நடத்தியவருக்கும் பத்தாவது மாடியில் வாடிக்கையாளர் ஏது? வீட்டுக்காகத் தவணைப் பணம் செலுத்த வேண்டியோருக்கு வருமானமும் குறைந்தால் எஞ்சுவது கடன் சுமையே. தூரத்தே குடியமர்த்தப்படுவோர், நடந்து சென்ற பள்ளிவாசலையும் கோயிலையும் பாடசாலையையும் அயலவரின் உதவியையும் சேர்த்தே இழக்கின்றனர். நட்டஈட்டுக் கணக்கில் இவற்றுக்கு இடமில்லை.

மாத்தளை திருகோணமலை வீதியிலும் கொங்காவலையிலும் கடையும் வீடுமாகப் பரம்பரையாக வாழ்வோர் உள்ளனர். பங்கு பிரிக்கப்படாத காணிகளும் தெளிவற்ற உறுதிகளும் முதலீட்டாளருக்கே வாய்ப்பாக அமையும். ஆகவே ஆவணங்களை இப்போதே சீர்செய்து கொள்வது அவசியமாகும். எத்திட்டம் வரினும் மாற்று வீட்டின் அளவு, இடம், உரிமை, ஒப்படைக்கும் திகதி ஆகியன எழுத்தில் உறுதிப்படுத்தப்பட்ட பின்னரே பழைய சுவரில் கைவைக்க அனுமதிக்க வேண்டும். நகரம் அழகுபெறட்டும், அதற்கான விலையை அங்கு வாழ்ந்தவர்கள் மட்டுமே செலுத்துவது நியாயமாகாது.