காரைக்குடிப் பிள்ளைகள் கேட்பது ஒரு வழவழப்பான தரை. அதுக்குமா இந்த இழுபறி?



2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆயிடுச்சு. பெயர்ப்பலகை மாறிடுச்சு, சந்தோஷம். ஆனா ஒரு கேள்வி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு, கையில ஒரு ஸ்கேட்போர்டோட வீட்டை விட்டு வெளியே வர்ற மாநகரத்துப் பிள்ளை எங்கே போகும்?

சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க. நம்ம பக்கத்துத் தோழர்களே சிலர் சிரிக்கிறாங்க, தெரியும். சிரிச்சு முடிச்சதும் கொஞ்சம் நிதானமா படிங்க.

ஸ்கேட்போர்டோட சக்கரம் அஞ்சு சென்டிமீட்டர் சுத்தளவு உள்ள சின்ன உருளை இல்லை, அஞ்சு சென்டிமீட்டர் உயரம் நிக்கிற சக்கரம். சைக்கிள் சக்கரத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. கல்லு மாதிரி கெட்டி, காத்து கிடையாது. ரோட்டுல ஒரு சின்ன ஜல்லி கிடந்தா பலகை அங்கேயே நின்னுடும், மேல இருக்கிற பிள்ளை மட்டும் முன்னால போய் விழும். அதனால இந்த விளையாட்டுக்கு முதல் தேவை தரை. ரெண்டாவது தேவை, அந்தத் தரையில வண்டி வராம இருக்கணும். அவ்வளவுதான்.

இந்தக் கணக்கோட நம்ம ஊரைச் சுத்தி வாங்க.

நூறடி சாலை? பேரைக் கேட்டா ஆசை வரும். பஸ்ஸும் பைக்கும் போற ரோடு அது. ஞாயித்துக்கிழமை விடியக்காலையில்கூடப் பிள்ளைகளை அங்கே அனுப்பாதீங்க. செக்காலை ரோடு, கல்லுக்கட்டிப் பக்கம் நடக்கவே தோளை ஒடுக்கணும். வீதிகள்ல சிமென்ட் ரோடு இருக்கேன்னு கேப்பீங்க. வண்டி வழுக்கக்கூடாதுன்னு சிமென்ட் ரோட்டுல கோடு கோடாக் கீறித்தான் போடுவாங்க. ரோட்டுக்கு அது சரி. இந்தச் சக்கரத்துக்கு அது சரிவராது.

சரி, பூங்கா? தமிழ்நாட்டுல எந்த ஊருக்குப் போனாலும் பூங்கான்னா ஒரே அச்சு. ஒரு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், சுத்தி பேவர் பிளாக். இந்த பேவர் பிளாக் மேல நம்ம அதிகாரிகளுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் அப்படி என்ன காதலோ! ஒவ்வொரு கல்லுக்கும் நடுவுல ஒரு இடைவெளி. ஸ்கேட்போர்டு ஏறினா பல்லு கடகடன்னு ஆடும். பிள்ளைகளை விடுங்க, சக்கர நாற்காலியில வர்ற ஒரு பெரியவரைக் கேட்டுப் பாருங்க, அவரும் இதையேதான் சொல்வார்.

அப்போ நல்ல இடமே இல்லையா? இருக்கு. கல்லூரி வளாகங்கள். அகலமான உள்சாலை, வண்டி குறைவு, படிக்கட்டு, உட்காருற மாதிரி குட்டைச் சுவர், சாய்தளம். இதெல்லாம் ஒரு ஸ்கேட்போர்டுக்காரர் காசு கொடுத்துக் கட்டச் சொல்ற விஷயங்கள். அதுலயும் சாதா கான்கிரீட்ல போட்ட பாஸ்கெட்பால் கோர்ட் இருந்தா அதுதான் முதல் தரம். (செயற்கைத் தளம் போட்ட கோர்ட் வேண்டாம், அதைக் கெடுக்க நாம சொல்லல.)

இது எப்பேர்ப்பட்ட ஊர்னு நினைச்சுப் பாருங்க. 1947-ல் வள்ளல் அழகப்பர் கல்லூரி தொடங்கின ஊர். சிக்ரி வரணும்னு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் அள்ளிக் கொடுத்து, 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டின ஊர். உடற்கல்விக்குன்னே ஒரு கல்லூரி வச்சிருக்கிற ஊர். இங்கே ஒரு ஏழாங்கிளாஸ் பிள்ளை அடையாள அட்டை இல்லாத ஒரே காரணத்தால கேட்டுக்கு வெளியே நிக்கணும்னா, அந்த நிலத்தைக் கொடுத்தவர் மனசுக்கு அது அடுக்குமா? சனி, ஞாயிறு ரெண்டு மணி நேரம், ஒரு ஆசிரியர் மேற்பார்வையில, தலைக்கவசம் போட்ட பிள்ளைகளுக்குத் திறங்கன்னுதான் கேக்குறோம்.

மாநகராட்சியிடம் கேட்பது இன்னும் சின்னது. ஒரு பாஸ்கெட்பால் கோர்ட் 28-க்கு 15 மீட்டர். அந்த அளவுக்கு ஒரு கான்கிரீட் தளம், ரெண்டு சாய்தளம், ஒரு மேடைத் திட்டு. வழவழன்னு தரை போட ஆள் இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. கண்ணாடி மேல சிமென்ட்டை வார்த்துக் கையாலேயே கல்லு செய்யிற ஆத்தங்குடி நமக்குப் பக்கத்துலதான் இருக்கு!

"குடிதண்ணிக்கே வழியில்ல, ஸ்கேட்போர்டு ஒரு கேடா"ன்னு ஒரு வாதம் வரும். தண்ணிக்கும் நாமதான் போராடுறோம். தண்ணி வர்ற வரைக்கும் பிள்ளைகள் விளையாடக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?

"பணக்காரன் விளையாட்டு"ங்கிறது அடுத்த வாதம். மத்தியப் பிரதேசம் பன்னா மாவட்டத்துல ஜன்வார்னு ஒரு கிராமம். 2015-ல் அங்கே ஒரு ஸ்கேட் பார்க் வந்துச்சு. ரெண்டே விதி. பள்ளிக்கூடம் போகலைன்னா பலகை கிடையாது. பெண் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம். ஆதிவாசிப் பிள்ளைகளும் யாதவப் பிள்ளைகளும் ஒரே தளத்துல விழுந்து எழுந்தாங்க. அந்த ஊர் ஆஷா கோண்ட் 2018-ல் சீனாவுல நடந்த உலகப் போட்டிக்கே போனாங்க. எந்தப் பணக்காரன் வீட்டுப் பிள்ளை அவங்க? நம்ம மாமல்லபுரத்து மீனவர் குடும்பத்துக் கமலி பலகை ஓட்டின கதையை ஆவணப்படமா எடுத்து, அது பாஃப்டா பரிந்துரை வரைக்கும் போச்சே, மறந்துட்டீங்களா?

டோக்கியோ ஒலிம்பிக்ல இந்த விளையாட்டு முதல் முறையா வந்தப்போ, பெண்கள் தெருப் பிரிவுல தங்கம் வாங்கின பிள்ளைக்கு வயசு 13. அந்த வயசுல நம்ம வீட்டுப் பொண்ணு என்ன பண்ணுது? மைதானம் முழுக்க அண்ணன்மாரோட கிரிக்கெட். அது ஓரமா நின்னு பந்து பொறுக்கிப் போடுது. சாதி பார்க்காம, ஆணா பெண்ணான்னு பார்க்காம எல்லாரும் நிக்கிற ஒரு தளம் வேணும்னு கேக்குறது நம்ம அரசியல் இல்லைன்னா வேற எது நம்ம அரசியல்?

வேலைக்கு வருவோம். கழனிவாசல், முத்துப்பட்டணம், சுப்பிரமணியபுரம்னு உங்க வார்டுல சும்மா கிடக்குற அரசு இடம், காலியா இருக்குற கான்கிரீட் தரை எதுவா இருந்தாலும் போட்டோ எடுங்க. காலடியால நீள அகலம் அளந்து கமென்ட்ல போடுங்க. தொகுத்து மனுவா எழுதி, பிள்ளைகளோட கையெழுத்தையும் சேர்த்து, முதல்ல ஏரியா சபையில வைப்போம். அங்கே நடக்கலைன்னா சிவகங்கை கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துல கொடுப்போம். வரும்போது பலகை வச்சிருக்கிற பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க.

#காரைக்குடிக்கு_ஒரு_ஸ்கேட்_தளம்