யாருக்காக இந்த லட்சம் இருக்கைகள்?

கொல்லிமலையில் மிளகு பறிக்கும் தோழர்களிடம் மான்செஸ்டர் பந்தாட்ட மைதானத்தைப் பற்றி ஏன் பேசுகிறோம்? டிக்கட் வாங்க வக்கில்லாமல் வெளியே நிற்கிறவன் எந்த நாட்டிலும் உழைப்பாளிதான், அதனால் பேசுகிறோம்.

பஞ்சாலைகளால் பெயரெடுத்த அந்நகரில் 1878-ல் ரயில்வே தொழிலாளர்கள் ஒரு கால்பந்துக் குழுவைத் துவக்கினார்கள். அதுவே இன்றைய மான்செஸ்டர் யுனைடெட். சுமார் 74,000 பேர் அமரும் பழைய மைதானத்துக்குப் பதிலாக ஒரு லட்சம் பேருக்குப் புதிது கட்டப் போவதாக 2025 மார்ச்சில் அதன் முதலாளிகள் அறிவித்தார்கள். இடம் பெருகட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. டிக்கட் என்ன விலை?

2024 கடைசியில், ஆட்டப் பருவத்தின் நடுவிலேயே, மிச்சமிருந்த டிக்கட்டுகளை 66 பவுண்டு ஆக்கினார்கள் இதே முதலாளிகள். அவற்றில் சிறுவருக்கும் முதியவருக்கும் சலுகை கிடையாது! அன்று அந்நாட்டில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண்டு. இரண்டு பிள்ளைகளோடு ஆட்டம் பார்க்கப் போனால் ஒரு தொழிலாளிக்கு இரண்டு நாள் கூலி போச்சு. ரசிகர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், நியாயந்தானே?

கூடுதல் இடங்களில் பாதியையாவது ஒரு மணி நேரக் கூலிக்குத் தருவோம் என்று முதலில் எழுதிக் கொடுக்கட்டும். கடைக்கால் தோண்டுவது அதற்குப் பிறகு.