மலையில்லா ஊரில் மலைச் சைக்கிள் சப்பாத்து

எங்கள் சம்மாந்துறையில் மலை கிடையாது. அம்பாறையையும் தாண்டி இங்கினியாகலைப் பக்கம் போனால்தான் கண்ணுக்கு ஏதாவது உயரமாகத் தெரியும். ஆனாலும் ஊரில் மலைச் சைக்கிள்கள் பெருகிவிட்டன. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. பிறகு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து ஊற்றினார்கள். மூலையில் கிடந்த துவிச்சக்கர வண்டிகளெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தன. வரிசைகள் மறைந்த பின்னரும் சில இளைஞர்கள் சைக்கிளை விடவில்லை. அஸருக்குப் பிறகு கூட்டமாகப் புறப்பட்டு, வட்டைக்குள் கிரவல் வீதியிலும் வாய்க்கால் கரையிலும் ஓடிவிட்டு மஃரிபுக்கு முன் திரும்புகிறார்கள். மலை இல்லாவிட்டால் என்ன, உலகம் 'குறொஸ் கன்ட்ரி' என்று பெயரிட்டு ஓடுவது இதைத்தான்.

என் மருமகனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். கட்டாரிலிருந்து வந்த உறவினர் மூலம், சப்பாத்தைப் பூட்டிக்கொள்ளும் பெடலும் அதற்கேற்ற சப்பாத்தும் தருவித்தான். மூன்றாம் நாளே வாய்க்காலுக்குள் கிடந்தான். "மாமா, காலைக் கழட்ட ஏலாமப் பெய்த்து" என்று வீங்கிய மணிக்கட்டோடு வந்து நின்றான். சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் அவனுக்கு மகிழ்ச்சி. எனக்குக் கோபம். கோபம் அவன் மீதல்ல. ஒலிம்பிக் வீரர் பூட்டும் பெடலே எல்லோருக்கும் நல்ல பெடல் என்ற எண்ணத்தின் மீது.

இந்தப் பூட்டுப் பெடலின் வரலாறு சுவையானது. முன்பு பந்தயக்காரர்கள் பாதத்தின் நுனியை ஓர் உலோகக் கூட்டுக்குள் நுழைத்துத் தோல்வாரால் இறுக்கினார்கள். விழுந்தால் சைக்கிளோடு சேர்ந்தே விழ வேண்டும். 1984இல் பிரான்சின் லுக் நிறுவனம், பனிச்சறுக்குக் கட்டைகளில் இருந்த பூட்டு முறையைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறுவருடம் பெர்னார் இனோ அதை மிதித்துத்தான் பிரான்ஸ் சுற்றுப்போட்டியை வென்றார். கூடு போய்விட்டதால் ஆங்கிலத்தில் அதற்குக் 'கிளிப் இல்லாத பெடல்' என்று பெயர். காலைக் கவ்விப் பிடிக்கும் பொருளுக்கு இப்படியொரு பெயர்! 1990இல் ஷிமானோ, கவ்வும் இரும்புத் துண்டைச் சப்பாத்தின் அடிக்குள் பதித்து வைத்தது. இறங்கி நடக்கவும் முடிந்ததால் மலைச் சைக்கிள்காரர்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள். 1996இல் அட்லாண்டாவில் இந்த விளையாட்டு ஒலிம்பிக்கில் நுழைந்தது.

அது தரும் நன்மையை மறுக்கவில்லை. கல்லும் குழியும் நிறைந்த பாதையில் கால் பெடலை விட்டுத் தெறிக்காது. வேகமாக மிதிக்கையில் நழுவாது. ஆனால் 'மேலே இழுத்தும் மிதிக்கலாம், பலம் இரட்டிப்பு' என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். 2007இல் வெளியான ஓர் ஆய்வு, வேண்டுமென்றே காலை மேலிழுத்து மிதிப்பவரின் உடல் அதே வேலைக்குக் கூடுதல் சக்தியைச் செலவிடுகிறது என்று காட்டியது.

எனவே நான் கேட்கும் கேள்வி வேறு. ஓடும்போது கால் எங்கே இருக்கிறது என்பதல்ல, இறங்கும்போது எங்கே ஊன்றப் போகிறது என்பதே. எங்கள் வட்டைகளில் அது களிமண். பெரும்போக மழை தொடங்கிவிட்டால் வரம்பு அறுத்த இடங்களிலும் மதகடியிலும் இறங்கிச் சைக்கிளைத் தூக்காமல் ஒரு மைல்கூடப் போக முடியாது. ஒருமுறை களியில் கால் வைத்தால் சப்பாத்தின் அடியிலுள்ள குழி நிரம்பிவிடும். பிறகு அது பெடலில் பூட்டாது, அல்லது பூட்டினால் நினைத்த நேரத்தில் கழராது. பொழுது சாய்கையில் யானை வரும் பக்கங்களும் உண்டு. அங்கே கால் கழரும் வேகத்தைச் சோதித்துப் பார்க்க எவரும் விரும்பமாட்டார்கள்.

எங்களுக்கு ஏற்றது தட்டைப் பெடல்தான். அகலமான உலோகத் தட்டும் அதில் சிறு ஆணிகளும் இருக்க வேண்டும். ஆனால் அதற்குரிய சப்பாத்து இல்லாமல் அதை வாங்குவது அரைவேலை. செய்திக்காக ஊர் ஊராக மிதித்த காலம் முழுவதும் நான் இறப்பர் செருப்போடுதான் போனேன். அன்றைய பெடலில் ஆணி இல்லை. இன்று செருப்பு வழுக்கினால் முழங்காலுக்குக் கீழே தோல் கிழியும். நீரிழிவு உள்ளவருக்கு அந்தக் காயம் சின்னக் காயமல்ல. ஓட்டப் பயிற்சிச் சப்பாத்தும் உதவாது, குதியில் மெத்தை, அடியில் வளைவு. அடி தட்டையாக, இறப்பர் மென்மையாக, நடுப்பாதம் விறைப்பாக இருப்பதைத் தேடுங்கள். பைவ் டென் என்ற நிறுவனம் பாறை ஏறுபவர்களுக்கான இறப்பரைத்தான் சைக்கிள் சப்பாத்துக்கும் ஒட்டியது. 2011இல் அடிடாஸ் அதை வாங்கிக்கொண்டது. அந்த விலை எல்லோருக்கும் கட்டாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தட்டையான கன்வஸ் சப்பாத்து, விறைப்புப் போதாதென்றாலும், மினுங்கும் ஓட்டச் சப்பாத்தைவிட மேல். வயலில் வெறுங்காலோடு வளர்ந்த எங்கள் பாதம் விரல்பக்கம் அகன்றது. நீளத்தை மட்டும் பார்த்து இணையத்தில் வாங்காதீர்கள்.

இன்னொன்று, வழியில் பள்ளிவாசலில் இறங்க வேண்டும். இரும்பு பதித்த சப்பாத்து மழுமழுப்பான தரையில் வழுக்கும் பாட்டை அந்தக் கூட்டத்தாரிடம் கேட்டுப் பாருங்கள். வாசலில் கழற்றி வைத்துவிட்டு மனம் தொழுகையில் நிற்குமா என்பது வேறு கதை.

பெடலை நீங்களே மாற்றினால், இடப்பக்கத்துப் புரி தலைகீழானது என்பதை மறக்க வேண்டாம். ஒரு கடையில் என் கண் முன்னே வலப்பக்கம்போல் முறுக்கி, மிதிதண்டின் புரியையே தின்றுவிட்டார்கள்.

மருமகன் அந்தப் பெடலை விற்கப் போகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். சிறுபோகத்தில் கிரவல் இறுகிக் காய்ந்து கிடக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் கழரும் 'எஸ்எச் 56' வகைத் துண்டைப் பூட்டி, வில்லின் இறுக்கத்தை அடியோடு தளர்த்தி, புல் நிலத்தில் ஒரு கிழமை விழுந்து பழகட்டும். அதுவரை தட்டைப் பெடல். கை ஆறியதும் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறான், சாவியோடு காத்திருக்கிறேன்.