மலை ஏறும் பழைய பிக்கப்புக்கு எந்த எஞ்சின்?

கச்சிராயபாளையம் தாண்டினால் வெள்ளிமலைக்கு ஏற்றம்தான். கல்வராயன் மலை மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குவதும் இந்த வளைவுகளில்தான். பல நேரம் பழைய பொலிரோ பிக்கப்பில். அதன் எஞ்சின் புகை தள்ள ஆரம்பித்தால், 'பவர் கூடுதலான காமன் ரெயில் எஞ்சினை மாத்திடலாமா?' என்று ஆசை வரும்.

அவசரம் வேண்டாம். ஏற்றத்தில் உதவுவது குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் இழுவிசை. பழைய 2,523 சிசி டிஐ எஞ்சின் அதில் சோடைபோனதில்லை. காமன் ரெயில் என்றால் இசியூ, சென்சார், வயரிங் எல்லாம் கூடவே வரவேண்டும். மலைப்பாதையில் சென்சார் மக்கர் செய்தால் ஸ்பேனரை வைத்து என்ன செய்வது? ரீபோர் செய்து, பம்ப், நாசிலைச் சரிபார்ப்பதே மேல்.

உண்மையில் கவனிக்க வேண்டியது கியர்பாக்ஸ். ஐந்தாவது கியர் சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் டீசலை மிச்சப்படுத்தும். மலைக்கு முதல் இரண்டு கியர்கள்தான் எல்லாம். பாரத்தோடு இறங்கும்போது அந்தக் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறி, பிடிக்காமலே போய்விடலாம்.

பழைய கியர்பாக்ஸ் வாங்கும்போது முதல் கியரில் போட்டு, எஞ்சின் பக்க ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள். பின்பக்க ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்று வர எத்தனை சுற்று ஆகிறது? எண்ணிக்கை கூடினால் இழுவை கூடும். இப்போதுள்ளதைவிடக் குறைந்தால், விலை மலிவென்றாலும் வேண்டாம்.

எஞ்சினை மாற்றியே தீர வேண்டுமென்றால், ஆர்டிஓ அனுமதி முதலில், வேலை பிறகு. எஞ்சின் எண் ஆர்.சி.யோடு பொருந்தாத வண்டிக்கு இன்சூரன்ஸ் பணம் கேட்பது பெரும்பாடு.