டிக்கியில் எலுமிச்சை வாசனை

பேத்தியின் பையைத் திறந்ததும் குப்பென்று ஒரு பூஞ்சை வாடை. துவைத்து, இஸ்திரி போட்டு நானே அடுக்கி வைத்த துணிகள்! அடியில் இருந்த இரண்டில் கறுப்புப் புள்ளிகள் வேறு. குழந்தைக்கோ பத்து நாளாக இருமல். டாக்டரம்மா, "வீட்டிலே எங்கேயாவது ஓதம், பூஞ்சை இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். "இல்லவே இல்லை" என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஆனால் பை எப்போதும் கிடந்தது வண்டியின் டிக்கியில்!

குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்து நடுவில் எங்கள் வீடு. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் பாதை ஏற முடியாது. முதுகு செங்குத்தாக இருக்கும் இந்த மாதிரி வண்டிகளில், சக்கரம் வாரி இறைக்கிற சேறு பின் கண்ணாடியில்தான் வந்து அப்பும். அதற்காகத்தான் பின்னாலும் வைப்பர், தண்ணீர் பீய்ச்ச ஒரு வாஷர்.

டிக்கி மேட்டைத் தூக்கினால் அடியில் சொதசொதவென்று ஈரம். ஒர்க் ஷாப்பில், "மழைத் தண்ணிதாம்மா, கதவு ரப்பர் போயிடுச்சு" என்று நாலாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு புது ரப்பர் போட்டார்கள். மூன்றாம் நாள், ஒரு சொட்டு மழை இல்லை, மறுபடி ஈரம்!

குனிந்து மேட்டை முகர்ந்தேன். பூஞ்சை வாடையோடு லேசாக எலுமிச்சை வாசனை. ஈரத்துணியால் தேய்த்தால் நுரை. மழைத் தண்ணீரில் நுரை வருமா, நீங்களே சொல்லுங்கள்? பாத்திரம் தேய்க்கிற சோப்பை வாஷர் தண்ணீரில் கலக்கிற புத்திசாலி நான்தான்!

அவரை முன்னால் உட்கார வைத்து வாஷரை அழுத்தச் சொன்னேன். டார்ச்சும் கையுமாக நான் டிக்கியில். மோட்டார் 'கிர்'ரென்றது, கண்ணாடியில் தண்ணீரே இல்லை. கதவுக் கீல் ஓரம், மடிப்பு மடிப்பாக இருக்கிற ரப்பர் குழாயிலிருந்து ஒழுகிற்று.

தண்ணீர்த் தொட்டி முன்னால் பானட்டுக்குள். அங்கிருந்து ஒல்லியான டியூப் வண்டி நெடுக வந்து, அந்த ரப்பர் வழியாகக் கதவுக்குள் போகிறது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் இணைப்பு. சோப்பும் சேறும் இறுகி, கண்ணாடி மேலே பீய்ச்சுகிற துளை அடைத்துக்கொண்டது. மோட்டார் தள்ளுகிற தண்ணீர் போக வழியில்லாமல் இணைப்பையே பிடுங்கிவிட்டது. எங்கள் வாசல் நல்ல ஏற்றம். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அழுத்தாவிட்டாலும், டின்னிலிருந்து டியூப் வைத்து மண்ணெண்ணெய் இறக்குவோமே, அப்படி ராத்திரியெல்லாம் இறங்கியிருக்கிறது!

சாவியை எடுத்துவிட்டுத்தான் கை வைத்தேன். விளக்கு வயர்களும் அதே ரப்பருக்குள் போகின்றன. ரப்பரின் ஒரு முனையைப் பிதுக்கி எடுத்தால் கழன்ற டியூப் கையில் வந்தது. நுனி விறைத்திருந்தது. அரை விரற்கடை நறுக்கி, சுடுதண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கி, இளகினதும் இணைப்பில் அழுத்திச் செருகி, சின்னப் பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கினேன். (ரொம்ப நறுக்கிவிடாதீர்கள், நீளம் குறைந்தால் கதவு திறக்கும்போது இழுத்துக்கொண்டு கழன்றுவிடும். டியூப் வெடித்திருந்தால் புதிதுதான் மாற்ற வேண்டும்.) துளையை மெல்லிய ஊசியால் பதமாகக் குத்தி எடுத்தேன். தொட்டியை இரண்டு தரம் கழுவி, வாஷருக்கென்றே விற்கிற திரவம் ஊற்றினேன். ஊட்டிப் பக்கம் மார்கழியில் உறைபனி விழுகிற இடங்களில் வெறும் தண்ணீர் டியூபுக்குள் உறைந்துவிடும், அதற்கும் இதுதான் நல்லது. செலவு? டை ஐந்து ரூபாய், திரவம் தனி.

மேட்டுக்கு அடியில் இருந்த பஞ்சு விரிப்பு மட்டும் தேறவில்லை, தூக்கி எறிந்தேன். மேட்டை நாலு நாள் வெயிலில் போட்டேன். (கார்த்திகையில் வெயில் கிடைத்த நாலு நாள் என்று படிக்கவும்!) புள்ளி விழுந்த துணிகளும் குப்பைக்கு. டாக்டரம்மாவிடம் போய், "அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன்" என்று ஒப்புக்கொண்டேன். மருந்தில் இருமல் அடங்கிவிட்டது. பை இப்போது மகள் மடியில்.

சரியாயிற்றா என்று பார்க்க அவர் வாஷரை அழுத்தினார். பின்னால் நின்றிருந்த என் முகத்திலேயே பீய்ச்சியது. "வேலை செய்யுது போல இருக்கே!" என்றார்.