கண் திறந்திருக்கும்.. ஆனா மூளை தூங்கிடும்! அதிகாலை விபத்துகளின் பின்னணி என்ன?

2020 பிப்ரவரி 20. அதிகாலை 3 மணியைத் தாண்டிய நேரம். பெங்களூருவில் இருந்து எர்ணாகுளம் சென்ற கேரள அரசுப் பேருந்து அவிநாசி அருகே வந்துகொண்டிருந்தது. எதிர்த்திசையில் வந்த கண்டெய்னர் லாரி, சென்டர் மீடியனைத் தாண்டி பேருந்து மீது மோதியது. 19 பேர் உயிரிழந்தனர். டயர் வெடித்ததாக முதலில் பேசப்பட்டது. பிறகு, ஓட்டுநர் கண்ணயர்ந்தாரா என்ற கோணத்தில் விசாரணை திரும்பியது.

"ரெண்டு செகண்ட்தான் அசந்தேன்" என்பது ஓட்டுநர்கள் வழக்கமாகச் சொல்வது. அந்த நேரத்தில் மூளையில் என்ன நடக்கிறது?

மூளையின் அலைகள்

மூளையில் எப்போதும் மின் அலைகள் ஓடுகின்றன. ஜெர்மனி மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் இதை 1924-ல் மனிதர்களிடம் பதிவு செய்தார். கண்ணை மூடி ஓய்வாக இருந்தால் வினாடிக்கு 8 முதல் 13 முறை துடிக்கும் ஆல்ஃபா அலை எழும். கண் திறந்தால் அது அடங்கிவிடும்.

தூக்கம் சொக்கும்போது இந்தக் கணக்கு மாறுகிறது. கண் திறந்திருந்தாலும் ஆல்ஃபா தலைதூக்கும். அடுத்து, அதைவிட மெதுவான தீட்டா அலை வரும்.

கண் காட்டிக்கொடுக்கும்

விழிப்பாக இருப்பவரின் பார்வை சாலை, கண்ணாடி, எதிரே வரும் வண்டி என டக் டக்கென்று தாவும். தூக்கம் வந்தால் அந்தத் தாவல் குறையும், விழி மெதுவாக உருளும், இமை மூடித் திறக்க அதிக நேரம் எடுக்கும். சில வாகனங்களில் உள்ள கேமராக்கள் இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அலாரம் அடிக்கின்றன.

4 வினாடி = 90 மீட்டர்

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 4 வினாடி கண்ணயர்ந்தால், வண்டி கிட்டத்தட்ட 90 மீட்டர் ஓடியிருக்கும். அதுவரை ஸ்டியரிங்கை யாரும் பார்க்கவில்லை என்றே அர்த்தம்.

மன உறுதி போதாதா?

போதாது. அதிகாலை 2 முதல் 5 மணி வரை உடல் கடிகாரமே தூக்கத்தை நோக்கி இழுக்கும். பாட்டு, ஜன்னல் காற்று எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். டீ, காபியும் தூக்கத்துக்கு ஈடாகாது. வண்டியை ஓரங்கட்டி 20 நிமிடம் தூங்குவதே பலன் தரும்.

ஓட்டுநருக்கு நாளுக்கு 8 மணி நேர வேலை என 1961-லேயே மோட்டார் போக்குவரத்து தொழிலாளர் சட்டம் சொன்னது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என லாரித் தொழிலில் வாழும் கொங்கு மண்டலத்துக்கு இது முக்கியமான விஷயம். "விடியறதுக்குள்ள லோடு வந்தாகணும்" என்று நெருக்கினால், தூக்கத்தின் பழியை ஓட்டுநர் மேல் மட்டும் போட முடியாது.